எஸ்க்ரோ இருக்கட்டும், போக்கியத்தைச் சொல்லுங்கள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில், சொத்து முகவராக விரும்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் என்று முக்கால் பக்கத்துக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். என் அக்கா மகன் அதை வெட்டி எடுத்து, நாலாக மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான். பையன் பி.காம். முடித்துவிட்டு ஒரு வருஷம் கூரியர் வேலையில் அலைந்தான், இப்போது என்னோடு சேர்ந்து வீட்டு புரோக்கர் வேலை கற்றுக்கொள்கிறேன் என்று நிற்கிறான். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் இருபத்தெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆபீஸ் என்று ஒன்றும் கிடையாது. ஒரு டீக்கடை பெஞ்ச், ஒரு பழைய வண்டி, ஒரு டைரி, அவ்வளவுதான்.

பட்டியலைப் படித்தேன். எஸ்க்ரோ, குளோசிங் காஸ்ட், அப்ரைசல், ஓப்பன் ஹவுஸ். எல்லாம் சரியாகத்தான் இருக்கும், அமெரிக்காவில் போய் வீடு விற்கப் போகிறவனுக்கு. அங்கே எஸ்க்ரோ என்றால் வாங்குகிறவர் பணத்தை நடுவில் ஒரு மூன்றாவது ஆள் பிடித்து வைத்திருந்து, பத்திரம் முடிந்ததும் விற்றவரிடம் கொடுப்பது. தண்டையார்பேட்டையில் அந்த மூன்றாவது ஆள் யார்? நான்தான். ஊரிலிருந்து விற்பவர் வர லேட்டாகும் என்று யாரோ ஒருவருடைய இரண்டு லட்சத்தை மஞ்சள் பையில் வாங்கி வைத்துக்கொண்டு விடிய விடிய தூங்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை ஓட ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் ஏஜென்ட் ஆகிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் உங்கள் பேப்பரைப் படித்துத்தான் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். ஏஜென்ட் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தையை நம்பி ஒரு குடும்பம் இருபது வருஷச் சேமிப்பை எடுத்துக் கொடுக்கிறது. அந்த வார்த்தை தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பையனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, கிரவுண்ட் எவ்வளவு? 2400 சதுர அடி மாமா என்றான். சரி, சென்ட்? முழித்தான். 435.6 சதுர அடி. எங்கள் பக்கம் முழு கிரவுண்டைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம், பத்தடி அகலம் அறுபதடி நீளம் என்று கால் கிரவுண்டில் மூன்று மாடி எழுப்பி மூன்று குடித்தனம் இருக்கும். மாதவரம் தாண்டினால் சென்ட் கணக்கு வந்துவிடும், பொன்னேரி பக்கம் போனால் ஏக்கர். பட்டாவில் மட்டும் ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர். வாயால் பேசுவது ஒரு அளவு, காகிதத்தில் இருப்பது இன்னொரு அளவு, இதில்தான் புதுப் பையன்கள் விழுவார்கள். பட்டாவில் 55 சதுர மீட்டர் என்று இருந்தால் அது 592 சதுர அடி, 600 இல்லை. எட்டு அடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். சதுர அடி பத்தாயிரம் என்று ரேட் பேசியிருந்தால் எண்பதாயிரம் ரூபாய், பத்திர ஆபீஸ் வாசலில் கைகலப்பு வர அது போதும்.

அப்புறம் பொதுச்சுவர், வழிப்பாத்தியம். எந்தப் பட்டியலிலும் இவை இருக்காது, ஆனால் வடசென்னையில் பாதித் தகராறு இவற்றால்தான். எங்கள் தெருவிலேயே ஒரு வீடு, பக்கவாட்டில் மூன்றடி சந்து, அந்தச் சந்தில் பின்கட்டுக்காரர் நடக்கவும் தண்ணீர்க் குழாய் கொண்டுபோகவும் பாத்தியம் உண்டு என்று பழைய பத்திரத்தில் தெளிவாக எழுதியிருந்தது. விற்ற ஏஜென்ட் நான்கு எல்லை எழுதியிருந்த பாராவை மட்டும் படித்துவிட்டு அதற்குக் கீழே இருந்த ஒன்றரை வரியைப் படிக்கவில்லை. வாங்கினவர் முதல் வேலையாகச் சந்துக்கு கேட் போட்டுப் பூட்டினார். பின்கட்டில் எண்பது வயது அம்மா. பூட்டை உடைக்க போலீஸ் வந்தது.

பழைய ஊர் பத்திரங்களை எடுத்தால் ஓ.எஸ். நம்பர் (பழைய சர்வே), ஆர்.எஸ். நம்பர் (மறு சர்வே), சி.சி. நம்பர் என்று வரிசையாக இருக்கும். சி.சி. என்றதும் பையன் கேமராவா மாமா என்றான். கலெக்டர் சர்டிபிகேட் நம்பர் அது, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற வழக்கம். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்துப் பழைய பத்திரங்களில் இதையும் பிளாக் நம்பரையும் ஒத்துப் பார்க்காமல் எந்த வீட்டையும் காட்டாதே என்று சொல்லியிருக்கிறேன். ‘பட்டா இருக்கா’ என்று எல்லோரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள், ஆனால் சிட்டிக்குள் பார்க்க வேண்டியது நகர நில அளவைப் பதிவேடு, நாங்கள் டி.எஸ்.எல்.ஆர். என்போம். பட்டா வருவாய்த் துறை காகிதம், பத்திரம் பதிவுத் துறை காகிதம், இரண்டும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். பட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு சொத்து என்னுடையது என்று நிற்க முடியாது என்று கோர்ட் எத்தனையோ தடவை சொல்லிவிட்டது.

ஈசி, அதாவது வில்லங்கச் சான்று. இதைப் பற்றி இரண்டு வார்த்தை அதிகம் சொல்ல வேண்டும். 1975-லிருந்து உள்ளதைப் பதிவுத் துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம், அதற்கு முந்தியதற்கு மனு போட வேண்டும். பையன் ஒரு நாள் ‘மாமா, நில் ஈசி, ஒரு வில்லங்கமும் இல்லை’ என்று துள்ளிக்கொண்டு வந்தான். நில் என்றால் அந்த சார்பதிவாளர் ஆபீஸில், அந்த வருஷங்களில், அந்த சர்வே நம்பரில் எதுவும் பதிவாகவில்லை என்றுதான் அர்த்தம். நம்பரைத் தப்பாகப் போட்டால்கூட நில் வரும்! ஏரியா ஒரு சார்பதிவாளர் ஆபீஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் பழைய ஆபீஸில் ஒரு ஈசி, புது ஆபீஸில் ஒரு ஈசி என்று இரண்டு போட வேண்டும். உயில் ஈசியில் வராது, பதிவு செய்த உயிலாக இருந்தாலும் வராது, அது வேறு புத்தகம். பதிவு செய்யாத அக்ரிமென்ட் வராது. அண்ணன் தம்பி வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டது வராது. அதனால்தான் தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கையாக யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கோர்த்துக்கொண்டே வர வேண்டும், நடுவில் அப்பா செத்துப்போன இடத்தில் நின்று வாரிசுச் சான்றைக் கேட்க வேண்டும். அந்தச் சான்றில் எத்தனை பெண்கள் என்று எண்ண வேண்டும், எண்ணின பிறகு அத்தனை பேர் கையெழுத்தும் விடுதலைப் பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘அக்காவுக்குக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சு, நகை போட்டாச்சு, அது ஒண்ணும் கேக்காது’ என்று சொல்லாத தம்பியை நான் இன்னும் பார்க்கவில்லை.

பவர் பத்திரம், அதாவது என் சார்பில் நீ செய் என்று எழுதிக் கொடுக்கிற அதிகாரம், பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். பவரை மட்டும் எழுதிக் கொடுத்து சொத்தைக் கைமாற்றுவது கிரையம் ஆகாது என்று 2011-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் செத்தால் பவரும் செத்தது. பவர் ஏஜென்ட் கிரையம் பண்ண வந்தால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டர் சான்று கேட்பது சும்மா இல்லை.

செலவுக் கணக்கு சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 9. 2017-இல் வழிகாட்டி மதிப்பை, அதாவது அரசு நிர்ணயிக்கிற நில விலையை, மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டு பதிவுக் கட்டணத்தை 4 சதவீதம் ஆக்கினார்கள், 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றிவிட்டுக் கட்டணத்தை 2-க்கு இறக்கினார்கள். பெண்கள் பெயரில் பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்து என்றால் 2025 ஏப்ரலிலிருந்து அதிலும் ஒரு சதவீதம் குறைவு. (பத்து லட்சத்துக்கு எங்கள் பக்கம் ஒரு பாத்ரூம்கூட வாங்க முடியாது என்பது வேறு கதை.) ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குகிறவர் ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாமல் கடைசி நாளில் சொன்னால் விற்கிறவர் உங்களைத்தான் திருடன் மாதிரி பார்ப்பார்.

அடுக்குமாடி என்று வந்தால் ஒரே ஒரு வார்த்தை, யூடிஎஸ். கட்டடத்துக்கு அடியில் இருக்கிற நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிபடாத பாகம். கிச்சன் மாடுலரா, லிப்ட் இருக்கா என்று கேட்கிற பார்ட்டிக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். பெரம்பூரில் ஒரு கிரவுண்டில் எட்டு வீடு, ஆளுக்குச் சமமாகப் போட்டால் 300 சதுர அடி நிலம் வர வேண்டும். ஒரு வீட்டுக்காரர் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் 225 என்று இருந்தது. கட்டினவர் 75 அடியைத் தன் மைத்துனர் வீட்டில் சேர்த்து எழுதியிருக்கிறார், முப்பது வருஷமாக யாரும் படிக்கவில்லை. இப்போது கட்டடம் ஒழுகுகிறது, இடித்துக் கட்டலாம் என்று பில்டர் வந்திருக்கிறார், 2022 அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும். புது வீடு அவரவர் நிலப் பாகத்தை வைத்துத்தான் என்று பில்டர் சொல்ல, அந்த மனிதர் சாப்பாடு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வீட்டை விற்ற புரோக்கர் அன்றைக்குச் சொன்னது ‘800 சதுர அடி வீடு சார்’. அதுவும் சூப்பர் பில்டப். அதாவது மாடிப்படி, நடை, மோட்டார் ரூம் எல்லாவற்றிலும் பங்கு போட்டுச் சேர்த்த கணக்கு. உள்ளே விரித்துப் படுக்க முடிகிற இடம் 600-க்குப் பக்கம். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கார்பெட் ஏரியா என்றால் என்ன என்று தெளிவாக எழுதிவிட்டார்கள், உள்சுவர் சேரும், வெளிச்சுவர் சேராது, பால்கனி சேராது. புது புராஜெக்ட் விற்கிறவர்கள் அந்தக் கணக்கில்தான் பேச வேண்டும்.

ரெரா பற்றி உங்கள் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 2016 சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம், அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் புராஜெக்டைப் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடப் போட முடியாது. அந்த புராஜெக்டில் வீடு விற்றுக் கொடுக்கிற ஏஜென்டும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், சொத்து விலையில் 5 சதவீதம் வரை ஏறும். ‘வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ தானே அண்ணே பார்வர்ட் பண்ணேன்’ என்கிற பையன்கள் இதைப் படிக்க வேண்டும். விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் முன்பணம் வாங்குவதாக இருந்தால் முதலில் அக்ரிமென்டைப் பதிவு செய்துவிட வேண்டும். வாங்குகிறவர்களிடம் வசூலித்த பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்த நிலத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் மட்டும்தான் எடுக்க வேண்டும். எஸ்க்ரோ எஸ்க்ரோ என்று எழுதினீர்களே, அதற்கு இங்கே கிட்டத்தட்ட ஒத்து வருகிற விஷயம் இதுதான்.

மனை என்றால் அங்கீகாரம் கொடுத்தது சென்னைக்குரிய சிஎம்டிஏவா, மற்ற ஊர்களுக்குரிய டிடிசிபியா என்று கேட்டு, அப்ரூவல் நம்பரை வாங்கி, வரைபடத்தில் அந்த மனை நம்பரை விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று ஒருவர் சொன்னால் டீ மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். அப்ரூவல் இல்லாத மனைகளை 2016-இல் ஹைகோர்ட் பதிவு செய்யக்கூடாது என்று நிறுத்திய பிறகு, அந்த வருஷம் அக்டோபர் 20-க்கு முன்னால் பதிவானவற்றுக்குத்தான் வரன்முறை வழி திறந்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் சிஆர்இசட், அதாவது கடலோரக் கட்டுப்பாட்டு மண்டல விதி, பார்க்காமல் எதுவும் பேசக்கூடாது. திருவொற்றியூர் பக்கம் போனால் கோயில் மனை. நிலம் சாமியுடையது, மேலே நிற்கிற கட்டடம் மட்டும் குடியிருக்கிறவருடையது. கோயில் நிலத்தைக் கிரையம் பண்ண பதிவுச் சட்டத்தில் 22-ஏ பிரிவு குறுக்கே நிற்கும். கட்டடத்தை மட்டும் விற்கிற பேச்சை ‘வீடு விற்பனைக்கு’ என்று நோட்டீஸ் அடித்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதே தெருவில்.

சரி, கடைசியில் சொல்கிறேன் என்றேனே.

எங்கள் பக்கம் ‘லீஸ்’ என்றால் ஒரே விஷயம்தான். மொத்தமாக ஒரு தொகை கொடு, வாடகை இல்லாமல் இரு, காலி பண்ணும்போது தொகையைத் திருப்பி வாங்கிக்கொள். சட்டத்தில் அதற்குப் பெயர் லீஸ் இல்லை, போக்கியம், ஒத்தி. 1882 சொத்து மாற்றுச் சட்டத்தில் அடமானத்தில் ஒரு வகை. அடமானம் என்பதால் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்தால் ஈசியில் ஏறும், வீட்டுக்காரர் வேறு யாரிடமும் உங்களை மறைத்து விற்க முடியாது. ஆனால் இங்கே நடப்பது என்ன, முத்திரைத் தாளில் பதினொரு மாத அக்ரிமென்ட், இரண்டு சாட்சி, முடிந்தது. ஒரு வருஷம் தாண்டினால் பதிவு செய்ய வேண்டி வரும் என்பதால் பதினொன்று.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தண்டையார்பேட்டையில் ஒரு முதல் மாடி வீட்டை அப்படித்தான் பேசி முடித்தேன். நான்கு லட்சம். குடி வந்தவர் ஆட்டோ ஓட்டுகிறவர், அவர் மனைவி கல்மண்டபம் பக்கத்தில் காலையில் இட்லிக் கடை போடுகிறவர். சீட்டு எடுத்து, தாலிச்சரடைத் தவிர மற்ற நகையை விற்றுச் சேர்த்த பணம். ‘அண்ணே, லீஸ்னா பத்திரம்தானே’ என்று அந்தம்மா என்னிடம் கேட்டார். ‘நான் இருக்கேன்மா’ என்றேன். இந்த வார்த்தையையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், புரோக்கர் சொல்லக் கூடாத வார்த்தை என்று. அன்றைக்கு ஒரு ஈசி போட்டிருந்தால் சில நூறு ரூபாய் ஆகியிருக்கும், அதில் எம்ஓடி என்று ஒரு பதிவு வந்திருக்கும். வீட்டுக்காரர் பத்திரத்தை பேங்கில் வைத்துக் கடன் வாங்கியிருந்தார். எம்ஓடி என்றால் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கின கடன், கடன் முடிந்து அதற்கு ரசீது பதிவாகும்வரை அந்த வீட்டின் மேல் முதல் கை பேங்குடையது.

மூன்றாவது வருஷம் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் அக்ரிமென்டைக் கொண்டுபோய்க் காட்டினேன், அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், இது பதிவாகாத காகிதம் சார் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டைப் பூட்டி சீல் வைத்த அன்று அந்தம்மா இட்லிப் பானையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார், மற்றதெல்லாம் ஏற்கெனவே தெருவில் இருந்தது. வீட்டுக்காரர் பிட்டுப் பிட்டாக ஒன்றரை லட்சம் கொடுத்தார், அப்புறம் ஆளைக் காணோம். நான் வாங்கின கமிஷன் எட்டாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன், பிறகு முடிந்தபோதெல்லாம் கொஞ்சம் கொடுத்தேன். அது கணக்கில் எங்கே நிற்கும்? இப்போதும் அந்தக் கடை இருக்கிறது. நான் ராயபுரம் போக வேறு வழியாகச் சுற்றிப் போகிறேன்.

அதனால் அடுத்த வாரம் தொடர்ச்சி வரும் என்று போட்டிருக்கிறீர்களே, அதில் போக்கியம், எம்ஓடி, யூடிஎஸ் மூன்றுக்கும் இடம் கொடுங்கள், ஓப்பன் ஹவுஸை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள்.

அக்கா மகன் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. போன புதன்கிழமை அவனுக்கென்று முதல் பார்ட்டி கிடைத்தது, கொடுங்கையூரில் ஒரு வீடு. எழுபதுகளின் கடைசியில் உலக வங்கிப் பணத்தில் மனை பிரித்து ஒதுக்கின இடங்களில் ஒன்று அது. பைலைப் புரட்டிவிட்டு எனக்கு போன் போட்டான். ‘மாமா, இதுல சேல் டீடே இல்ல. அலாட்மென்ட் ஆர்டர், தவணை கட்டின ரசீது, அப்புறம் மூணு பவர்தான் இருக்கு. முதல் பவர் குடுத்தவரு செத்து ஒன்பது வருஷம் ஆச்சாம்.’ வாங்க வந்த பார்ட்டியிடம் அப்படியே சொல்லிவிடு என்றேன். சொன்னான். விற்கிறவர் அவனை விட்டுவிட்டு அடுத்த தெரு ஏஜென்டிடம் போய்விட்டார், அறுபதாயிரம் கமிஷன் போச்சு. அன்று ராத்திரியே அக்கா எனக்கு போன் போட்டு அரை மணி நேரம் திட்டினாள்.

இப்படிக்கு,
வீட்டுத் தரகர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21.
(பெயர் போட வேண்டாம் ஐயா.)